அடி அண்ணாமலையில் ஒரு மாதம் - பற்றும் வரவும்

கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்த கொஞ்ச நாளில் திருவண்ணாமலையில் இன்னொரு கூட்டம் கண்ணில் பட ஆரம்பிக்கும். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைச் சுற்றி. வெள்ளை ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, காலில் ரப்பர் செருப்பு. ஜெர்மனி, பிரான்ஸ், ரஷ்யா, இஸ்ரேல், அமெரிக்கா என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை இருந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

இவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு. டாலரில் சம்பளம் வாங்கினால் பணக்காரன்தானே? ஆனால் பலர் அங்கே வாடகை கட்டி, கடன் கட்டி, வருடம் முழுக்கச் சேர்த்து ஒரு டிக்கெட் எடுத்து வருகிறவர்கள். நர்ஸ், பள்ளிக்கூட வாத்தியார், சமையல்காரர். வேலை செய்து செய்து உடம்பும் மனசும் ஓய்ந்துபோய், ஒரு மாதம் எங்கேயாவது சும்மா இருக்க வேண்டும் என்று வருகிறவர்கள். ‘சும்மா இரு’ என்பது இந்த ஊரின் பழைய பாடம் என்பதால் சரியான இடத்துக்குத்தான் வருகிறார்கள் :-)

கையில் காசு குறைவு, வேண்டியது ஒரு மாத ஓய்வு, போக வேண்டியது வெளிநாடு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு திட்டம் போடுகிறவர்களுக்கு திருவண்ணாமலையைப் போல ஒத்துவருகிற ஊர்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். ஆனால் அந்தத் திட்டங்களில் ஒரு தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. இங்கே இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் ‘செலவு மிச்சம்’ என்று எழுதிக்கொள்கிறார்கள். அது மிச்சம் இல்லை. அந்தச் செலவை வேறு யாரோ செய்திருக்கிறார்கள்.

முதலில் பழைய கதை கொஞ்சம். அது தெரியாவிட்டால் இந்த ஊரில் ஏன் இவ்வளவு இலவசம் என்பது புரியாது.

மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பையன் 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்து இறங்கினான். கையில் இருந்ததையும் விட்டுவிட்டான். அதற்கப்புறம் 1950இல் ரமண மகரிஷியாக உடலை விடும்வரை 54 வருடம் ஊரைத் தாண்டவில்லை. தங்குவதற்கு பட்ஜெட் போடாமல் வந்த ஆள் என்றால் அவர்தான். ஆரம்ப வருடங்களில் பிச்சை எடுத்துத்தான் சாப்பாடு. மலை மேல் விரூபாக்ஷ குகையில் இருந்தபோது ஊரிலிருந்து பெண்கள் சோறு கொண்டு வந்தார்கள். கீரைப் பாட்டி என்று ஒருவர். பெயரே சொல்கிறது, மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்தவர்.

இன்னொருவர் எச்சம்மாள். மண்டகொளத்தூர்க்காரர். கணவன், மகன், மகள் என்று ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போக, இருபத்தைந்து வயதுக்குள் எல்லாவற்றையும் இழந்தவர். துக்கம் தாங்காமல் 1907 வாக்கில் திருவண்ணாமலை வந்தார். இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து மனசு ஆற வருகிறவர்கள் எதற்காக வருகிறார்களோ அதற்காகத்தான் அவரும் வந்தார் என்று சொல்லலாம். வந்தவர் திரும்பிப் போகவில்லை. தினமும் சமைத்து, மலை ஏறி, சாமிக்கும் கூட இருந்தவர்களுக்கும் சோறு போட்டார். 1945இல் சாகும்வரை, ஏறக்குறைய 38 வருடம்.

38 வருடம் தினமும் ஒரு பாத்திரம் சோறு. அரிசி, விறகு, பாத்திரம் கழுவும் தண்ணீர், மலை ஏறும் கால். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. சாப்பிட்டவர்களுக்கு இலவசம், சரி. எச்சம்மாளுக்கு?

வெளிநாட்டவர் வர ஆரம்பித்தது அப்புறம். பால் பிரண்டன் என்ற இங்கிலாந்துப் பத்திரிகையாளர் 1931இல் வந்தார். சில வாரம் தங்கினார். 1934இல் அவர் எழுதிய புத்தகம் வெளிவந்த பிறகு ரமணர் பெயர் மேல்நாட்டில் பரவியது. 1935இல் மேஜர் சாட்விக் வந்தார், ஆசிரமத்துக்குள்ளேயே ஒரு குடில் கட்டிக்கொண்டு 1962இல் இறக்கும்வரை இருந்தார். நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938இல் வந்தார். அந்தக் காலத்திலேயே பெரிய பணக்கார எழுத்தாளர். சில மணி நேரம்தான் இருந்தார், அதிலும் கொஞ்ச நேரம் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். காசுக்கும் ஓய்வுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதற்கு இது ஒரு சாட்சி என்று எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் குறும்பான சாட்சிதான்.

ஆர்தர் ஆஸ்போர்ன் குடும்பத்தின் கதை இன்னும் விசேஷம். பாங்காக்கில் வேலை. 1941இல் லீவில் இந்தியா வந்தார்கள். மனைவியையும் மூன்று குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு அவர் மட்டும் வேலைக்குத் திரும்பினார். யுத்தம் வந்தது. ஜப்பானியர் பிடித்துச் சிறை முகாமில் போட்டுவிட்டார்கள். 1945இல்தான் வெளியே வந்து இந்த ஊர் சேர்ந்தார். லீவுக்கு வந்த குடும்பம் யுத்தம் முழுக்க இந்த ஊரில்தான் இருந்தது. ஆஸ்போர்ன் பிறகு 1964இல் ஆசிரமத்தின் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார்.

சரி, இன்றைக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பிரான்சில் லியோன் நகரத்தில் ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நைட் டூட்டி பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டுப்போனவர். ஒரு மாதம் லீவு. விமான டிக்கெட்டும் இன்சூரன்சும் போக அவரிடம் 60,000 ரூபாய் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000. டாலரில் சொன்னால், 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியதே, அந்தக் கணக்கில் 670 டாலருக்குள். இதே 60,000 ரூபாய்க்கு 2008 தொடக்கத்தில் 1,500 டாலர் கொடுத்திருக்க வேண்டும், அப்போது டாலர் 40 ரூபாய்கூட இல்லை. (அப்போதைய 60,000 வேறு, இப்போதைய 60,000 வேறு என்பது உண்மைதான். ஆனாலும் ரூபாய் இறங்க இறங்க வருகிறவருக்கு இந்த ஊர் மலிவாகிறது. இருக்கிறவருக்கு அல்ல.)

முதல் கேள்வி விசா. 2019இல் இ-விசா கட்டணத்தை மாற்றியமைத்தபோது, பல நாட்டவருக்கு 30 நாள் சுற்றுலா விசா ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டாலர், மற்ற மாதங்களில் 25 டாலர், ஒரு வருட விசா 40 டாலர் என்று வைத்தார்கள். சிக்கனம் பார்க்கிறவர் 30 நாள் விசாவைத்தான் எடுப்பார். அது தப்பு. 30 நாள் என்பது இறங்கிய தேதியிலிருந்து எண்ணுவது, நீட்டிக்கவும் முடியாது. ‘ஒரு மாதம்’ என்று டிக்கெட் போட்டு 31ஆம் நாள் விமானம் என்றால் முடிந்தது கதை. ஜுரம் வந்து படுத்தாலும் சிக்கல். 15 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் மாதக் கடைசி முழுக்கக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் அது என்ன ஓய்வு? வெயில் மாதத்தில் 10 டாலர் என்பதும் அப்படித்தான். மே மாத திருவண்ணாமலையில் அந்தத் தள்ளுபடி ஃபேனுக்கும் மோருக்கும் காணாது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர் லியோனுக்குப் போய் ஒரு மாதம் ஓய்வெடுக்க நினைத்தால்? ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வராது. 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மெண்ட், போக வர டிக்கெட், தங்கும் இடத்துக்குச் சான்று. ஊருக்குத் திரும்பி வந்துவிடுவார் என்று ஆபீசர் நம்ப வேண்டும். நம்மூர்க்காரர்களுக்கு வெளிநாடு என்றால் வேலைக்குப் போகிற இடம், ஓய்வுக்கு என்றால் சொந்த ஊர். நேபாளத்துக்கு இந்தியருக்கு விசா வேண்டாம் என்பது ஒரு ஆறுதல். மலைதான் வேண்டுமென்றால் அங்கேயும் நிறைய இருக்கிறது. ஆனால் ‘பட்ஜெட் டிராவல்’ என்று ஆங்கிலத்தில் எழுதித் தள்ளுகிறவர்கள் யாரும் இந்த ஒருவழிப் பாதையைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுத்தது எப்போது வருவது, எங்கே தங்குவது.

டிசம்பர், ஜனவரியில் எல்லோரும் வருகிறார்கள், அதனால் வாடகையும் வருகிறவரைப் பார்த்து எழுந்து நிற்கிறது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பரவாயில்லை. புழுக்கம் உண்டு, சாயங்காலம் திடீர் மழை உண்டு, ஆனால் ரூம் பேரம் பேசிக் கிடைக்கும், தியான ஹாலில் உட்கார இடமும் கிடைக்கும். அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச் சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மலை என்றாலே சாந்தி என்று நினைக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வருவது நல்லது. மலை அடிவாரத்தில் ரூம் எடுக்கிறவர்கள் மழைக்காலத்தில் மேலே எது இருக்கிறது என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

தங்குவதற்கு ரமண நகரையும் செங்கம் ரோட்டையும்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆசிரமம் பக்கம், கஃபே பக்கம், ஆங்கிலம் பேசுகிறவர்கள் பக்கம். ஓய்வுக்குத்தான் வருகிறோம் என்றால் அடி அண்ணாமலை அதைவிட நல்ல இடம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி வழியில், மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கிறது இந்த ஊர். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில், பக்கத்திலேயே மாணிக்கவாசகர் கோயில். திருவெம்பாவை பாடிய இடம் என்று சொல்கிறார்கள். டவுன் கோயிலின் ராஜகோபுரம் 217 அடி, பார்க்கக் கழுத்து வலிக்கும். இங்கே அப்படி இல்லை. பிரகாரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் யாரும் ‘நகருங்க நகருங்க’ என்று விரட்ட மாட்டார்கள். மலையும் இங்கிருந்து வேறு மாதிரி தெரியும்.

தொந்தரவுகளும் உண்டு. 30 நாள் தங்கினால் ஒரு பௌர்ணமி வந்தே தீரும், நிலவுக் கணக்கு இருபத்தொன்பதரை நாள்தான். அன்றைக்கு லட்சக்கணக்கான ஜனம் வாசல் வழியாக ராத்திரி முழுக்க நடக்கும். ஒலிபெருக்கி, அன்னதானப் பந்தல், பொரி, பலூன். கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், அடி அண்ணாமலை அந்த நேரம் ஒரு தீவு மாதிரி. முந்தின நாளே பால், காய்கறி, 20 லிட்டர் தண்ணீர் கேன் வாங்கி வைத்துவிட வேண்டும். வந்து இறங்குகிற நாளும், கிளம்புகிற நாளும் பௌர்ணமியாக இருக்கவே கூடாது. தூக்கத்துக்காக வந்த நம்ம லியோன் நர்ஸ் அன்றைக்கு ஒரு ராத்திரி தூக்கத்தை மறந்துவிட்டு ஜனத்தோடு நடந்துவிடுவதே மேல்.

வாடகையில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிற எவரும், லாட்ஜ் ஆகட்டும், வீட்டு மாடி ஆகட்டும், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். ‘அதெல்லாம் வேணாம் மேடம், 100 ரூபா கம்மியா தரேன்’ என்கிற வீடு மலிவு இல்லை. ஏதாவது ஆனால் வீட்டுக்காரருக்கும் வம்பு, தங்கினவருக்கும் வம்பு. லாட்ஜ் என்றால் பில் கேட்டு வாங்க வேண்டும். 1,000 ரூபாய்க்குக் கீழே இருந்த ரூமுக்கு 2022 ஜூலை வரை வரியே இல்லை, அப்புறம் 12 சதவீதம் வந்தது, 2025 செப்டம்பர் 22இலிருந்து 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 5 சதவீதம். இன்னும் 12 போட்டு பில் நீட்டினால் ஏன் என்று கேட்கலாம், தப்பில்லை.

போக்குவரத்து ரொம்பச் சுலபம், அதிகம் பேச ஒன்றும் இல்லை. சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து பஸ். 2024 மே மாதத்திலிருந்து சென்னை கடற்கரை - திருவண்ணாமலை ரயிலும் ஓடுகிறது, தொடங்கியபோது கட்டணம் வெறும் 50 ரூபாய். ஏர்போர்ட்டிலிருந்து நேராக டாக்சி எடுத்தால் இதைப்போல பல மடங்கு. ஆனால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தவர் முதல் நாள் டாக்சி எடுப்பதைத் தப்பென்று சொல்ல முடியாது. சிக்கனத்தை இரண்டாம் நாளிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இப்போது அந்த 60,000ஐப் பங்கு போடலாம். வாடகை நாளைக்கு 600 என்று வைத்தால் 18,000. சாப்பாடு 300 என்றால் 9,000. ஆட்டோ, பஸ்சுக்கு 4,000. சிம், தண்ணீர், துணி துவைக்க 2,000. சென்னை போக வர 4,000. உடம்புக்கு ஏதாவது வந்தால் என்று 10,000 தனியாக. (கிரிவலப் பாதையில் நாய்கள் உண்டு. கடித்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஊசி அங்கே இலவசம். ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது.) மொத்தம் 47,000. மீதி 13,000. விலைகள் ஏறும் இறங்கும். எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

இந்த இடத்தில்தான் அந்தக் குறுக்குப் புத்தி வேலை செய்யும். ‘வாடகை எதற்கு, ஆசிரமத்தில் இலவசமாகத் தங்கலாமே? சாப்பாடு எதற்கு, அன்னதானம் இருக்கிறதே? 27,000 மிச்சம்!’

ரமணாசிரமத்தில் தங்க இடம் கொடுக்கிறார்கள், கட்டணம் கிடையாது. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், கிடைத்தாலும் சில நாட்கள்தான். ஒரு மாதத்துக்கு அதை நம்பித் திட்டம் போட முடியாது. மூன்று நாள் இங்கே, நான்கு நாள் வேறு ஆசிரமம், அப்புறம் இன்னொன்று என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களும் உண்டு. மாதம் முழுக்க அடுத்த படுக்கைக்கு ஈமெயில் அனுப்பிக்கொண்டிருப்பது ஓய்வா? அதைவிட முக்கியமான விஷயம், அந்த அறைகள் எதற்காக இருக்கின்றன என்பது. காசே இல்லாமல் ஆந்திராவிலிருந்து வருகிற ஒரு வயதான அம்மாவுக்கு அந்த மூன்று நாள் கிடைக்காமல் போகும். 600 ரூபாய் கொடுக்க முடிந்தவர் அந்த அறையை எடுத்தால் அவர் மிச்சம் பிடித்த 1,800 ரூபாய் அந்த அம்மாவின் கணக்கில் செலவாக விழுகிறது.

சாப்பாடும் அப்படித்தான். ஆசிரமத்தில் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் வெளியே சோறு போடுவார்கள். அதற்கப்புறம்தான் உள்ளே பந்தி. டவுன் கோயிலில் நாள் முழுக்க அன்னதானம். கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்கு எத்தனையோ பந்தல். சுற்றிவர எங்கேயும் பசியோடு இருக்க வேண்டாத ஊர் இது, அது இந்த ஊரின் பெருமை. ஆனால் இதை ‘ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு: சைபர்’ என்று திட்டத்தில் எழுதுவது பெருமை இல்லை.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது எளிது. ஒரு பற்று இருந்தால் எங்கேயோ ஒரு வரவு இருந்தே ஆக வேண்டும். இந்தப் பக்கம் சைபர் என்றால் அந்தப் பக்கம் யார் பெயரில் எழுதுவது? எச்சம்மாள் பெயரிலா? (ஆசிரமத்துக்காரர்கள் பற்றை விடு என்பார்கள். அது வேறு பற்று.)

ஒரு வழி இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒவ்வொரு நாளும், அதே சாப்பாட்டுக்கு வெளியே மெஸ்ஸில் என்ன விலையோ அதை நோட்டில் செலவாக எழுதிக்கொள்வது. 100 ரூபாய் என்றால் 100. மாதக் கடைசியில் கூட்டி, எங்கே சாப்பிட்டாரோ அங்கே நன்கொடையாகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்வது. 20 நாள் சாப்பிட்டால் 2,000 ரூபாய். மீதி இருக்கிற 13,000இல் இது தாராளமாக அடங்கும். டொனேஷன் என்று பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம், சாப்பிட்டதற்குக் காசு, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது லேசானதும் இல்லை. அன்னதானம் என்பதே கணக்குப் பார்க்காமல் போடுவது. சாப்பிடுகிறவர் ஏழையா பணக்காரரா என்று கேட்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் அதன் அழகு. ரமணரே தனக்கென்று தனியாக எதையும் வைக்க விடமாட்டார், எல்லோருக்கும் ஒரே அளவுதான். அப்படிப்பட்ட இலைக்கு விலை போடுவது போட்டவரை அவமானப்படுத்துகிற மாதிரி இல்லையா? போடுகிறவர் விலை கேட்டால் அது அவமானம். ஆனால் சாப்பிடுகிறவர் தன் நோட்டில் எழுதிக்கொள்வதில் யாருக்கு என்ன குறைச்சல்? எச்சம்மாள் கணக்குப் பார்க்கவில்லை, அது அவர் பெரிய மனசு. அந்த மனசை ஒரு டிராவல் டிப்ஸாக மாற்றி நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் உறுத்துகிறது.

அப்படியானால் எங்கேதான் மிச்சம் பிடிப்பது? வீட்டு வாடகையில் பேரம் பேசலாம், கூச்சமே வேண்டாம். மூன்று மாடி கட்டி சீசனுக்கு ஒரு ரேட், வெள்ளைக்காரருக்கு ஒரு ரேட் என்று வைத்திருப்பவரிடம் மாத வாடகை என்ன, கரண்ட் தனியா சேர்த்தா என்று கறாராகக் கேட்பது, கேட்கிறவருக்கு மட்டும் நல்லதில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களால்தான் அதே தெருவில் குடியிருந்த டெய்லரும் ஆட்டோக்காரரும் வீட்டைக் காலி செய்துகொண்டு தள்ளித் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது, இனி நிலத்தின் விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பூக்காரம்மாவிடம் 10 ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பவர்கள், வீட்டுக்காரர் சொன்ன 25,000த்துக்குத் தலையாட்டிவிட்டு வருவார்கள். தலைகீழ்ப் பேரம்.

‘ரிட்ரீட்’ என்று டாலரில் விற்கிற பேக்கேஜ்களைத் தாராளமாக விட்டுவிடலாம். பத்து நாளைக்கு யோகா, தியானம், ‘மௌன நடை’ என்று அட்டவணை போட்டு விற்கிறார்கள். மௌனமாக நடக்க கிரிவலப் பாதையில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ஊர் சுற்றுவதையும் விட்டுவிடலாம். வந்ததே வந்தோம், மாமல்லபுரம், பாண்டிச்சேரி, மதுரை, கேரளா என்று இழுத்தால் மாதமும் போகும், காசும் போகும், போகும்போது வந்ததைவிடக் களைப்பாகப் போவார்கள்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் ஒன்று, பாதுகாப்பு. மலை மேல் ஏற வனத்துறை அனுமதி வேண்டும். ‘நான் கூட்டிட்டுப் போறேன்’ என்று குறைந்த காசுக்கு வருகிற வழிகாட்டியை நம்பி ஏறவே கூடாது. 2025 மார்ச்சில் அப்படிப் போன ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை ஊருக்கே தலைகுனிவு. தனியாக வருகிற பெண்கள் வாடகையில் 100 ரூபாய் கூடக் கொடுத்தாவது குடும்பம் இருக்கிற வீட்டில் மாடி அறை எடுப்பது நல்லது. அடி அண்ணாமலையில் இதற்கு இன்னொரு லாபம், கீழ் வீட்டு அக்கா ‘சாப்டியா?’ என்று கேட்பார். அந்த ஒரு தமிழ் வார்த்தையைத்தான் எல்லா வெளிநாட்டவரும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள்.

மற்றபடி நம்ம நர்ஸ் என்ன செய்வார்? காலையில் வெயில் ஏறுமுன் கிரிவலப் பாதையில் ஒரு துண்டு நடப்பார், மொத்தமும் அல்ல. மெஸ்ஸில் இட்லி. ஆசிரமம் அங்கிருந்து நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல், அதனால் தினமும் போக மாட்டார். போகிற நாளில் லைப்ரரியில் உட்காருவார், பழைய ஹாலில் கொஞ்ச நேரம், பந்தியில் ஒரு இலை, நோட்டில் 100. மத்தியானம் தூக்கம். சாயங்காலம் ஆதி அண்ணாமலையார் கோயில் பிரகாரம். பத்தாவது நாள் வாக்கில் போரடிக்கும். ஃபோனை எடுத்து கோவாவுக்கு டிக்கெட் பார்ப்பார். அந்த இரண்டு நாளை மட்டும் தாண்டிவிட்டால் தூக்கம் தானாக வர ஆரம்பித்துவிடும், அப்புறம் பௌர்ணமி ஒலிபெருக்கிகூட எழுப்பாது.